செப்பு சொல்றாவா, சொல்லுதா

மார்கிறட் தன் பழைய குரலை மறுபடி கேட்டது வாழைச்சேனையில், ஓர் அரசாங்கக் கந்தோரின் நடையில். சுவரோரம் போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரையில் அவள் உட்கார்ந்திருந்தாள். கணவன் அன்ரோ கருமபீடத்தில் நின்று அவளுக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தான். காணி அவளுடையது, தாய் கொடுத்த சீதனம். வேலி எல்லையைப் பற்றிக் கேட்கவேண்டியிருந்ததும் அவளுக்குத்தான். ஆனால் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, "அவவுக்குக் கதைக்க ஏலாது, நான் சொல்றன்" என்று அன்ரோ தொடங்கிவிட்டான். சொல்லவேண்டியதில் பாதியைத்தான் சொன்னான். மீதிப் பாதி அவனுக்குத் தெரியாது.

அப்போதுதான் பக்கத்து அறைக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. ஒரு பெண், மூச்சு விடாமல், மனித வாயால் முடியாத வேகத்தில் ஏதோ சுற்றறிக்கையை வாசித்துக்கொண்டிருந்தாள். சொற்கள் பிடிபடவில்லை. குரல் பிடிபட்டது. அது அவளுடைய குரல்.

எழுந்துபோய் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடி போட்ட தடித்த மனிதர் ஒருவர் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். திரை அணைந்து கிடந்தது. அவருக்குத் திரை தேவைப்படவில்லை. விரல்கள் விசைகளில் ஓட, அவள் குரல் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. காலடிச் சத்தம் கேட்டு அவர் முகத்தைத் திருப்பினார்.

"ஆரது?"

அவள் வாயைத் திறந்தாள். காய்ந்த ஓலையை உரசினாற்போல ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"தண்ணி வேணுமா? பைப் வெளியில இரிக்கு."

அவள் கொம்பியூட்டரைச் சுட்டிக் காட்டினாள். காட்டிய பிறகுதான், அதனால் பயனில்லை என்று உறைத்தது. கிட்டப் போய், அடிவயிற்றிலிருந்து காற்றை இழுத்துக் கேட்டாள். "இது... ஆர்ர குரல்?"

"இதுவா? செப்பு. கண் தெரியாத எங்களுக்கு வாசிச்சுக் காட்டுற மென்பொருள். குரல் ஆர்ரயெண்டு ஆருக்குத் தெரியும்? செஞ்ச மனிசனே விட்டிட்டுப் போயிற்றார். இப்ப பார்க்கிறதுக்கு ஆளில்ல. நாங்க கொஞ்சப்பேர் குறூப் ஒண்டு வைச்சுக்கொண்டு இழுபடுறம். உங்கட வீட்டிலயும் ஆருக்கும் பார்வை இல்லையா?"

அவள் பதிலை யோசிப்பதற்குள் அன்ரோ வந்து சேர்ந்தான். "மன்னிக்கோணும் ஐயா, அவவுக்குத் தொண்டையில ஒப்பரேசன் செஞ்சது. என்ன குறூப்பா? இந்தாங்க நம்பர்" என்று அவளுடைய தொலைபேசி இலக்கத்தைச் சொல்லிவிட்டான். அவர் பெயர் நல்லரத்தினம், களுதாவளைக்காரர், அந்தக் கந்தோரில் அபிவிருத்தி உத்தியோகத்தர். அவர் அந்த இலக்கத்தை யாரிடமோ கொடுத்துச் சேர்க்கச் சொல்ல, அன்று பின்னேரமே மார்கிறட்டின் வாட்சப்பில் 'செப்பு பாவனையாளர்கள்' என்ற குழு வந்து உட்கார்ந்தது. அவள் பெயர் போடாமல், 'ம' என்ற ஓரெழுத்தோடு உள்ளே இருந்தாள்.

அவள் முன்பள்ளியில் ரீச்சராகச் சேர்வதற்கு முந்திய வருடம் அந்தக் குரலைப் பதிவு செய்தார்கள். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிற அவள் குரலைக் கேட்டு, விரிவுரையாளர் ஒருவர் வந்து தாயிடம் பேசினார். கண் தெரியாதவர்களுக்கு உதவும் என்றார். மட்டக்களப்பு நகரத்தில் ஒரு வீட்டின் பின்னறை. யன்னல்களை மெத்தைகளால் அடைத்திருந்தார்கள். விசிறி போட்டால் சத்தம் பதிவாகும் என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். அந்தப் புழுக்கத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, பொருளில்லாத வசனங்களை அவள் நாள் நாளாக வாசித்தாள். "ஞாயிற்றுக்கிழமை ஞானத்தம்பி ஞண்டு வாங்கினான்." எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வந்தாலும் ஒலி வேண்டுமாம். முடிந்ததும் அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். சில வருடங்களில் வெளிநாட்டுக்கும் போய்விட்டார். அவள் அதை மறந்தே போனாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கழுத்தில் தைரொயிட் கட்டி வந்தது. கட்டி குரல் நரம்பைச் சுற்றி வளர்ந்திருக்கிறது, எடுக்கும்போது குரல் போகவும் கூடும் என்று முன்னமே சொல்லித்தான் எடுத்தார்கள். போய்விட்டது. முன்பள்ளிப் பிள்ளைகள் அவள் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வாய் திறந்ததும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண் அழுதாள். மார்கிறட் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தாள்.

வீட்டில் அன்ரோ மட்டும்தான். கெட்டவன் அல்ல. துறைமுகத்து ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக நின்று அவன் காதும் கொஞ்சம் மந்தம். அவள் காற்றாய்ச் சொல்வது அவனுக்குக் கேட்பதில்லை. கேட்கவில்லை என்று சொல்ல அவனுக்கு மனமும் வராது. அதனால் ஊகிப்பான். "தேத்தண்ணியா? ஓம், வைக்கிறன்." அவள் கேட்டது யன்னலைச் சாத்தச் சொல்லி. சாத்தாத யன்னலால் சாரல் அடிக்க, அவன் சந்தோசமாய்த் தேத்தண்ணியை நீட்டுவான். அவள் வாங்கிக் குடிப்பாள். கடையில், கோயிலில், பஸ்சில், கிளினிக்கில் எல்லாம் அவன் அவளுக்காகப் பேசினான். தான் ஏதோ கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதாகவும், வெளியே ஒருவன் நின்று வருவோர் போவோருக்கெல்லாம் தன்னைப் பற்றி விளக்கம் சொல்வதாகவும் அவளுக்குத் தோன்றும்.

குழுவில் பெரும்பாலும் குரல்பதிவுகள்தான் வரும். கொஞ்ச நாள் பழைய கொம்பியூட்டர், மின்வெட்டு என்று பேச்சுப் போனது. பிறகு ஒருநாள் ஒரு பெண்ணின் பதிவு வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். ஓட்டமாவடியால ஸஹீதா பேசுறன். மின்னல் அடிச்சி என்ட பழைய கொம்பியூட்டர் எரிஞ்சி போச்சி. புதுசில செப்பு ஏறுதில்ல. வெளிவாரிப் பட்டத்துக்குக் கடைசிச் சோதினை கிட்டுது, பாடமெல்லாம் உள்ளுக்க கிடக்கு. மத்தக் குரலுகள வேகமாப் போட்டா எனக்கு விளங்குதில்ல. செப்பு சொல்றா மாதிரி ஒருத்தரும் சொல்றல்ல. ஆராச்சும் ஒரு வழி செல்லுங்க."

முதல் பதில் சாமித்தம்பியிடமிருந்து வந்தது. பத்திரிகையொன்றில் ஒப்புநோக்குநராக இருந்து, சீனி வருத்தத்தால் பார்வை மங்கி ஓய்வு பெற்றவர். தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

"தங்கச்சியின்ட இடர் விளங்குது. ஆனா ஒரு சின்னத் திருத்தம். 'செப்பு சொல்றா' எண்டது பிழை. செப்பு ஒரு மென்பொருள், அஃறிணை. 'செப்பு சொல்லுது' எண்டுதான் வரவேணும்."

நல்லரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, கேக்கிறது பொம்புளக் குரல். பொம்புளைய 'அது' எண்டு சொல்றதா?"

"குரல் பொம்புளையிட. சாமான் பொம்புள இல்ல. ரேடியோவில ஒரு பெண் செய்தி வாசிச்சா, 'ரேடியோ சொன்னா' எண்டா சொல்றீர்?"

"மாடு வரக்குள்ள 'என்ட அம்மா வாறா' எண்டு சொல்றமே! அன்பில சொன்னா அது வழுவமைதி. பள்ளிக்கூடத்தில படிச்சதுதானே?"

"அன்பில வரலாம். செப்புவில உமக்கு அன்போ?"

நல்லரத்தினத்தின் அடுத்த பதிவு வந்தது. "என்ட மனிசி போனதுக்குப் பிறகு, வீட்டில என்னோட கதைக்கிறது அது ஒண்டுதான் ஐயா."

"பாத்தீரா! நீரே இப்ப 'அது' எண்டிட்டீர்."

இரண்டு நாள் இது ஓடியது. வேறு ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். படகை 'அவ' எனலாமா, தொலைபேசி 'அழைக்கிறதா' 'அழைக்கிறாளா', நிலாவுக்குப் பால் உண்டா என்றெல்லாம் போனது. மார்கிறட் சமையலறையில் மீனை வெட்டியபடியே எல்லாவற்றையும் கேட்டாள். அவள் வாயிலிருந்து வந்த ஒலியை நடுவில் போட்டு, அதற்குத் திணை தேடிக்கொண்டிருந்தார்கள். மாட்டோடும் ரேடியோவோடும் ஒப்பிட்டார்கள். 'நான் இஞ்ச இரிக்கிறன்' என்று சொல்ல நினைத்தால் எப்படிச் சொல்வது? இந்தக் குழுவில் எழுத்தைவிடக் குரலுக்குத்தான் மதிப்பு.

நடுவில் ஸஹீதாவின் சிறிய பதிவு ஒன்று வந்தது. "அப்ப, வழி?" படகுப் பேச்சு அதைத் தாண்டி ஓடியது.

அடுத்த கிழமை, 'இல்லை' என்று சொல்லும்போதெல்லாம் செப்பு கடைசியில் ஒரு மூச்சை இழுத்து விடுகிறது என்று யாரோ முறைப்பட்டார்கள். சாமித்தம்பி அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்.

"அது குறையில்ல. அளபெடை! ஐகாரம் அளபெடுத்தா இகரம் தோன்றும். 'இல்லைஇ' எண்டு நீட்டுறா. வாசிச்ச பிள்ளைக்கு நல்ல தமிழறிவு."

"இல்லை ஐயா, மைக் பிழை" என்றார் நல்லரத்தினம்.

மார்கிறட் கத்தியைக் கீழே வைத்தாள். அந்தப் பின்னறை, அந்தப் புழுக்கம். 'இல்லை' சரியாக வரவில்லை, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று விரிவுரையாளர் கேட்டுக்கொண்டே இருந்தார். முதுகால் வியர்வை ஓடியது. வெளியே போய்க் கொஞ்சம் காற்றுப் படவேண்டும் என்று கேட்க அவளுக்குக் கூச்சம். கடைசி 'இல்லை'யோடு தன்னை மீறி ஒரு பெருமூச்சு வந்தது. அவர் அதையே எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. அந்தப் பெருமூச்சு இத்தனை வருடமாய் யார் யாருடைய வீடுகளிலோ வந்துகொண்டே இருந்திருக்கிறது.

கடைசியில் ஒரு வழியோடு வந்தது ஸஹீதாவின் தம்பி இஷாம். டோஹாவில் ஒரு கம்பனியில் கொம்பியூட்டர் வேலை. தங்கும் விடுதியிலிருந்து பேசினான், பின்னால் யாரோ சட்டி கழுவுகிற சத்தம் கேட்டது.

"செப்புவ உடைச்சிப் பார்த்தன். அந்தப் பொம்புள வாசிச்ச ஒலித்துண்டு எல்லாம் உள்ளுக்க அப்படியே இரிக்கு. புதுசாக் கட்டலாம். இதச் செஞ்ச விரிவுரையாளர் சேருக்கு எத்தனையோ மெயில் போட்டன், பதிலில்ல. எண்டாலும் குரல் ஒரு மனிசர்ர சாமான். அவவிட்டக் கேக்காம நான் கை வைக்க மாட்டன். கிடைச்சா இன்னும் கொஞ்ச வசனமும் வாசிச்சி எடுக்கலாம். ஆரெண்டு ஆருக்காச்சும் தெரியுமா?"

குழு முழுவதும் அவளைத் தேடத் தொடங்கியது. அவ கனடாவில் இருக்கிறா என்றார் ஒருவர். கலியாணம் கட்டிப் போயிற்றா, புருசன் விடமாட்டாராம் என்றார் இன்னொருவர். மோசம் போயிற்றா என்று கேள்விப்பட்டதாக ஒரு கதையும் வந்தது. அதன்பிறகு 'வாசித்தவர்' என்பதா 'வாசித்திருந்தவர்' என்பதா, இறந்துபோனவரின் குரலுக்கு நிகழ்காலம் போடலாமா என்று சாமித்தம்பி பிடித்துக்கொண்டார்.

மார்கிறட் அன்று பின்னேரம் அன்ரோவிடம் எல்லாவற்றையும் ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினாள். அவன் இரண்டு முறை வாசித்தான்.

"நீயா அது? எனக்கு ஒருநாளும் சொல்லல்லியே!" என்று சந்தோசப்பட்டான். உடனே தொலைபேசியைக் கையில் எடுத்தான். "பொறு, நான் பேசிச் சொல்லிவிடுறன். 'மார்கிறட்ட புருசன் கதைக்கிறன்' எண்டு..."

அவள் எட்டிப் பறித்துக்கொண்டாள். அவன் முகம் வாடியதைப் பார்த்தும் திருப்பிக் கொடுக்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள்: 'அந்தக் குரல் என்னுடையது. நான் உயிரோடுதான் இருக்கிறேன். சம்மதம். ஆனால் இனி வாசிக்க முடியாது, ஒப்பரேசனில் குரல் போய்விட்டது.'

எழுத்தைச் செப்புவே அவர்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கும். தன்னுடைய குரல் போய்விட்டதைத் தன்னுடைய குரலே அத்தனை வீடுகளிலும் சொல்லியிருக்கும்.

"'அந்தக் குரல் என்னுடையது' எண்டு நிகழ்காலத்தில எழுதியிருக்கு, 'குரல் போய்விட்டது' எண்டும் எழுதியிருக்கு" என்றார் சாமித்தம்பி. "போனது எப்பிடி உடைமையாகும்? 'என்னுடையதாக இருந்தது' எண்டெல்லோ வரவேணும்?"

"ஐயா, அத விடுங்க. இது ஆர்? பெயரும் இல்ல, 'ம' எண்டு மட்டும் இரிக்கு" என்றார் நல்லரத்தினம். "அம்மா, நீங்க சொல்றது மெய்யெண்டா ஒரு குரல்பதிவு போடுங்க. ஒரு சொல் போதும், நாங்க கண்டுபிடிச்சிருவம்."

அவளால் போட முடியவில்லை. ஒலிவாங்கியின் படத்தில் விரலை வைத்து, எடுத்து, வைத்து, எடுத்தாள். 'முடியாது' என்று எழுதினாள். கொஞ்ச நேரத்தில், 'நிர்வாகி உங்களை நீக்கிவிட்டார்' என்று வந்தது. நல்லரத்தினம் பொல்லாதவர் அல்ல. கண் தெரியாதவர்களை ஏமாற்றவென்றே குழுக்களுக்குள் புகுகிற ஆட்களை அவர் முன்பும் கண்டிருக்கிறார்.

வெளியில் நிற்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் வேறுபாடு தெரியவில்லை அவளுக்கு. இரண்டு இடத்திலும் வாய் திறக்க முடியாது. அப்படி நினைத்துக்கொண்டு இருந்தபோது அடுத்த நாள் காலை தொலைபேசி அடித்தது. அன்ரோ வேலைக்குப் போயிருந்தான். அவளுக்காக எடுத்துப் பேச ஆளில்லை. அடித்து நின்று, மறுபடியும் அடித்தது. எடுத்தாள்.

"அக்கா? நான் ஸஹீதா. குறூப்பில இருந்து உங்கட நம்பர எடுத்தன். நீங்க பேசுங்க. மெதுவாப் பேசுங்க. நான் கேப்பன்."

மார்கிறட் காற்றை இழுத்தாள். "என்னால... சத்தமா..."

"சத்தம் தேவையில்லக்கா."

மார்கிறட் பேசினாள். பின்னறையைப் பற்றி, கட்டியைப் பற்றி, அழுத பிள்ளையைப் பற்றி. இடையிடையே மூச்சு வாங்க நின்றாள். மறுமுனையில் அந்தப் பெண் அவசரப்படவில்லை, மீதியை ஊகித்துச் சொல்லவில்லை. ஒரு வசனத்தை ஒருவர் முழுதாகக் கேட்டு முடிப்பதற்குள் எவ்வளவு நேரம் போகும் என்பதே மார்கிறட்டுக்கு மறந்துபோயிருந்தது.

"அக்கா, பொய் செல்ல விருப்பமில்ல" என்றாள் ஸஹீதா கடைசியில். "எனக்கு அந்தக் குரல் இதில தெரியுதில்ல. கொஞ்சமும் தெரியுதில்ல. ஆனா நீங்க செல்ற ஒவ்வொரு செல்லும் விளங்குது."

"பிறகு ஏன்... நம்புறீங்க?"

"பொய் செல்ற ஒராள் இவ்வளவு கஷ்டப்பட்டுப் பேச மாட்டாங்கக்கா."

மார்கிறட் தொலைபேசியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கும் சத்தம் வரவில்லை.

அதன்பிறகு காரியங்கள் வேகமாய் நடந்தன. இஷாம் அவளோடு எழுத்தில் பேசிச் சம்மதம் வாங்கிக்கொண்டு, பழைய ஒலிகளை வைத்தே புதிதாகக் கட்டினான். சில சொற்கள் திக்கின. இருந்தாலும் ஸஹீதாவின் புதுக் கொம்பியூட்டரில் செப்பு வாயைத் திறந்தது. அவள் படித்து, சோதினையும் எழுதிவிட்டாள்; முடிவு இன்னும் வரவில்லை. மார்கிறட் கந்தோர் வாசலில் வந்து நின்ற கதையையும் ஸஹீதா எடுத்துச் சொன்னதும், நல்லரத்தினம் அவளைத் திரும்பச் சேர்த்தார்.

"மன்னிக்கோணும் தங்கச்சி. உங்கட குரலோட இத்தின வருசம் சீவிச்சிட்டு, நீங்களே வந்து வாசலில நிக்கக்குள்ள 'தண்ணி வேணுமா' எண்டு கேட்டனே" என்ற அவரது பதிவு பாதியில் உடைந்தது.

சாமித்தம்பியும் வரவேற்றார். "நல்லது. அப்ப அந்தத் திணைப் பிரச்சினைய அம்மாவே தீர்த்து வைக்கட்டும். செப்பு சொல்றாவா, சொல்லுதா?"

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு உலையைப் பார்க்கப் போனாள்.

இஷாம் அன்பளிப்பு என்று இன்னொன்றும் அனுப்பினான். தொலைபேசியில் எழுதினால் போதும், செப்பு அதை உடனே பேசும். 'அக்கா, இனி நீங்களும் கதைக்கலாம்' என்று எழுதியிருந்தான். அவள் ஒருநாள் பின்னேரம், அன்ரோ கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, விளையாட்டாக எழுதி அமத்தினாள்.

"அன்ரோ, தேத்தண்ணி ஆறுது, வாங்க."

கிணற்றடியில் வாளி விழுந்த சத்தம் கேட்டது. ஈரக் கையோடு ஓடிவந்து வாசலில் நின்றான். தாடையால் தண்ணீர் சொட்டியது. "மறுகாச் சொல்லு" என்றான். அவள் மறுபடி அமத்தினாள். நிலத்தில் அப்படியே குந்திக்கொண்டு அழுதான். அவனுக்காகச் சந்தோசப்பட்டாள் மார்கிறட். அந்தக் குரலைக் கலியாணம் கட்டியவன் அவன்தானே.

ஆனால் அன்றிலிருந்து அவன் வேறு எதையும் கேட்கவில்லை. அவள் வாயைத் திறந்தால், "அதில சொல்லுகா" என்பான். கை மாவாக இருந்தாலும், மீன் செதிலாக இருந்தாலும், துடைத்துவிட்டு வந்து எழுதவேண்டும். முன்பு ஊகிக்கவாவது அவன் அவள் முகத்தைப் பார்ப்பான். இப்போது தொலைபேசியைப் பார்த்தான். அதன் பேச்சுக்குச் சிரித்தான், அதற்குப் பதில் சொன்னான். அவள் அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

பனிச்சங்கேணியில் அன்ரோவின் தங்கை வீட்டில், பிள்ளை பூசையில் முதல் தடவை நற்கருணை வாங்கிய முதல்நன்மைக் கொண்டாட்டம். சாப்பாடு முடிந்ததும் அன்ரோ எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தான். "மார்கிறட்ட பழைய குரலக் கேளுங்க! மார்கிறட், அதில கதைச்சுக் காட்டு."

எழுதினாள், அது பேசியது, எல்லோரும் கை தட்டினார்கள். "என்ட பேரச் சொல்லச் சொல்லுங்க" என்றது ஒரு பிள்ளை. சொன்னது. "பாடுமா?" என்று கேட்டாள் மச்சாள். பாடாது. "ஒரு செபம்?" சொன்னது. கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு சுற்றி நெருக்கினார்கள். எல்லோருடைய கண்ணும் அவள் கையில் இருந்த சாமானில் இருந்தது. நடுவில் இருந்த அவளுக்கு முதுகால் வியர்வை ஓடியது. வெளியே போக வழி விட்டு யாரும் நிற்கவில்லை. "கொஞ்சம் காத்து வேணும்" என்று வாயால் சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. "என்னவாம்? அதில சொல்லுங்க மச்சாள்" என்றார்கள்.

வெயில் தாழத் திரும்பினார்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டமாவடிப் பாலத்தில் ஏறியதும் அவள் அவன் முதுகில் தட்டினாள். அவன் ஓரமாக நிறுத்தினான். கீழே ஆற்றுவாயில் வள்ளங்கள் கட்டிக் கிடந்தன. அவள் இறங்கி நின்று ஏதோ சொன்னாள்.

"கேக்கல்ல. ஃபோன எடு."

அவள் கைப்பையைத் திறக்கவில்லை. மறுபடி சொன்னாள். பின்னால் ஒரு லொறி கத்திக்கொண்டு கடந்தது.

"அதில சொல்லுகா, சனம் பாக்குது."

அவன் ஹெல்மெட்டின் பட்டியை அவளே கழற்றி, அதைத் தலையிலிருந்து எடுத்தாள். அவன் காதைத் தன் வாய்க்குக் கிட்டே இழுத்தாள். "அது கதைக்கக்குள்ள... நான் வாய் மூடித்தான் நிக்கிறன். இத... கேளுங்க. இந்தச் சத்தத்த."

அன்ரோ அசையாமல் குனிந்து நின்றான். "எனக்கு உண்மையா விளங்குதில்ல மார்கிறட்" என்றான் பிறகு. அவன் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "எத்தினையோ நாள் விளங்கல்ல. உன்னைக் கேக்க எனக்கு வெக்கம்."

"இன்னொருக்காக் கேளுங்க. நான்... இன்னொருக்காச் சொல்றன்."

ஒரு பஸ் ஹோண் அடித்தது. அவர்கள் ஏறிப் போனார்கள்.

அடுத்த நாள் காலை அவள் குழுவில் ஒரு குரல்பதிவு போட்டாள், தன் இப்போதைய வாயால். "செப்பு சொல்லுது. சொல்றது நான் இல்ல." சாமித்தம்பி ஐயா தீர்ப்பை ஏற்றுக்கொண்டார். ஆனால் 'நான் இல்ல' என்பது பிழை, 'நான் அல்லேன்' என்று வரவேண்டும் என்றார். அதில் வேறொரு வாக்குவாதம் பற்றிக்கொண்டது. ஸஹீதா மட்டும், "அக்கா, இண்டைக்கு உங்கட மூச்சு நல்லா இரிக்கு" என்றாள்.

வங்கிக்கும் கிளினிக்குக்கும் தொலைபேசியில் பேசவேண்டியிருந்தால் மார்கிறட் இன்னமும் செப்புவைத்தான் பேசவைக்கிறாள். வீட்டில் அன்ரோ சில நாள் பொறுத்துக் கேட்பான். சில நாள் மறந்து, "தேத்தண்ணியா?" என்று எழும்பிப் போய்விடுவான். காணி எல்லையைப் பற்றிய மீதிப் பாதியைச் சொல்ல இருவரும் கந்தோருக்குப் போகவேண்டியிருக்கிறது. அவன் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறான்.

நேற்று முச்சந்திக் கடையில் சனம் நிறைந்து நின்றது. கடைக்காரர் வழக்கம்போல் அன்ரோவைப் பார்த்து, "அக்காவுக்கு என்ன வேணுமாம்?" என்றார். அன்ரோ வாயைத் திறந்தான், மூடினான், கூரையில் தொங்கிய வாழைக்குலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மார்கிறட் சொன்னாள். கடைக்காரர் தலையாட்டிவிட்டு உப்புப் பக்கற்றை எடுத்து வைத்தார். அவள் கேட்டது பருப்பு. பின்னால் நின்றவர்கள் முண்டினார்கள். அன்ரோ அவசரமாக, "அண்ணே, அது வந்து..." என்று தொடங்கினான்.

"பொறுங்க" என்று அவன் கையைப் பிடித்துவிட்டு, அவள் மூச்சை இழுத்தாள்.